அது பாட்டுக்கு

எழுநூற்றைம்பது ரூபாய் தினக்கூலி. சயானிலிருந்து ரயில் என் செலவு.
காலா கோடா செஷன்ஸ் கோர்ட்டில் என் வேலை
தமிழில் வருவதை இங்கிலீஷில் இறக்கிவைப்பது.
கூட்டாமல், குறைக்காமல். சத்தியம் செய்திருக்கிறேன்.

பேச்சிக்கனி, தாராவி, தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்து.
விடியுமுன் நானூறு இட்லி.
பதினோரு வருஷத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆறு,
ஆறிலும் ஒரே வரி: பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்.
அந்த வீட்டில் பாத்ரூம் இல்லை.

"லிங்கத்துரை அன்று இரவு என்ன சொன்னான்?"
"ஒண்ணும் சொல்லல. கிரைண்டர் சுவிச்ச அணைச்சாவ."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். அணைச்சிட்டுப் படுத்துட்டாவ."

அணைச்சாவ.
செத்தவனுக்கு அவள் இன்னும் கொடுக்கிற மரியாதையை
வைக்க இங்கிலீஷில் இடமில்லை.
'ஹீ' என்றேன்.

கடுமையாக, திடீரென்று. சட்டத்துக்கு இரண்டு சொல்லும் வேண்டும்,
அப்போதுதான் கொலை ஒரு படி கீழே இறங்கும்.
மதிய இடைவேளையில் ஜூனியர் வக்கீல் தீப்தி காம்ளே சொன்னாள்:
இதை நமக்குக் கொடுத்த இங்கிலாந்திலேயே
'திடீர்' வேண்டாமென்று எடுத்துவிட்டார்களாம்.
தன்வசம் இழந்திருக்க வேண்டும்,
மெல்ல மெல்ல இழந்திருந்தாலும் சரியாம்.
"இங்கே?" என்றேன்.
கட்டிங் சாயாவை ஊதிக்கொண்டிருந்தாள்.

பொறுத்தார் பூமி ஆள்வார்.
இவள் ஆண்டது பத்துக்குப் பத்து அறை,
அதுவும் வாடகைக்கு.

"சுவிட்சுக்கும் அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம்?"
"மாவு வழிக்கிற நேரம்."
நீதிபதி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.
"கடியாரம் பாக்கலய்யா. குழவிய எடுத்துக் கீழ வச்சேன்,
மாவ வழிச்சேன், உப்பு போட்டேன்..."

உப்பில் அரசு வக்கீலின் பேனா நின்றது.
உப்பு போடுகிறவள் நிதானத்தில் இருக்கிறாள்.

"நெனச்சுப் போடலய்யா. கை அது பாட்டுக்குப் போட்டுது."
பழக்கத்தில் போட்டதாகச் சொல்கிறாள், என்றேன்.
"பொறவு கை அது பாட்டுக்குக் குழவியத் தூக்கிச்சு."

அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை.
பழக்கத்தில் தூக்கினாள் என்று எப்படிச் சொல்ல?
தினமும் தூக்குகிற குழவிதான்.
ஆனாலும்.
அவள் வசமில்லாமல் கை தூக்கியது, என்றேன்.
டைப்பிஸ்ட் இரண்டையும் அடித்தாள்.
தன் ஒரு சொல் அங்கே இரண்டாகிப் போனது
கூண்டில் நின்றவளுக்கும் தெரியாது.

இரவு, கோலிவாடா. என் இரண்டு லிட்டர் கிரைண்டரை நிறுத்தி
செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன்.
குழவியை எடுத்து வைத்து, வழித்து, விளிம்பைத் துடைத்து
ஆறு நிமிஷம் இருபது விநாடி.
அவளுடையது பத்து லிட்டர்.
கணக்குப் போட ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

பாத்திரத்தை மூடப் போகையில் சந்தேகம்:
உப்பு போட்டேனா?
டப்பா திறந்திருக்கிறது. அதைத் திறந்தது ஞாபகமில்லை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

போட்டிருக்கிறேன்.