ஆறாவது கம்பி

கிராணி மகள் எமல்டா
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக்
கொண்டுவந்தாள் அந்தக் கணினியை.
எண்பத்தாறில் வாங்கியதாம். தோட்ட ஆபீசில்
செக்ரோல் போட்டது.
ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமானாகி,
இது மட்டும் அவள் அப்பாவின் கட்டிலுக்கடியில்.

"பினாங்கில ஒருத்தர் கேக்குறார், தவரூபி.
நிறம் சரியா வந்தா எண்ணூறு வெள்ளி.
இல்லேன்னா இருநூறுதான்."

பாடாங் செராய் பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
இதன் சொந்தத் திரை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.
புது டிவி, தபாலில் வந்த மாற்றிப் பெட்டி,
நடுவே நானே பற்றவைத்த
ஒன்பது முள் வயர்.

முதல் நாள் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தன.
முன்பணம் வாங்கியவர்களெல்லாம்
வானம்போலக் கவலையில்லாமல் தெரிந்தார்கள்.
மூன்றை ஐந்துக்கும் ஐந்தை மூன்றுக்கும் மாற்றினேன்.
கடன் சிவந்தது.
முழுப்பேர் பச்சை. அரைப்பேர் மஞ்சள்.

ஓரச்சட்டம் பழுப்பாய் இருக்க வேண்டும்,
கடுகு நிறத்தில் வந்தது.
கையேட்டைப் புரட்டினேன்:
இந்தப் பெட்டிக்குப் பழுப்பே தெரியாது.
அது அனுப்புவது மங்கிய மஞ்சள்.
அக்காலத்துத் திரைதான், வந்த பச்சையில் பாதியை
பால் ஸ்டோரில் நிறுத்துக் கழிப்பதுபோலக்
கழித்துக்கொண்டு
பழுப்பு என்று காட்டியிருக்கிறது.

அதை நாளைக்குப் பார்க்கலாம்.

இன்னொன்றுதான் உறுத்தியது.
வெள்ளைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசமே இல்லை.
வெளுத்ததெல்லாம் பால் என்கிறது டிவி.
பட்டியலில் பதினேழுக்கு அடுத்தது இருபத்தெட்டு.
நடுவே பத்து வரி, கருப்பு.
"காலி இடம்தானே" என்றாள் எமல்டா.
ஆனால் அம்புக்குறியை அழுத்தினால்
அந்த வெற்று வரி ஒவ்வொன்றிலும்
நின்று நின்று இறங்கியது சுட்டி,
பெரட்டில் பேர் கூப்பிட்டுவிட்டுப்
பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

மீட்டரை வைத்தேன். ஆறாவது முள்ளில் உயிர் இல்லை.

நிறத்துக்கு மூன்று கம்பிகள்.
ஆறாவதற்கென்று ஒரு நிறமும் கிடையாது.
மற்றதோடு சேர்ந்தால் அதற்கு வெளிச்சம் கூட்டும்.
தனியாக நின்றால்
கருப்புக்கு ஒரு படி மேலே, அடர்சாம்பல்.
அவ்வளவுதான் அதன் வேலை.
ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை.
என் தவறுதான்.

திரும்பச் சூடு வைத்தேன். கொஞ்சம் புகை.

பத்துப் பேர் வந்தார்கள்.
வீராயி. சன்னாசி. ஒரு எழுத்து குறைந்த அங்கம்மா.
மொட்டையன், மூக்காயி, இரண்டு பாப்பாத்தி...
எல்லோருக்கும் ஒரே தேதி,
எண்பத்தொன்பது மார்ச்சு மூன்று.
காரணக் கட்டத்தில் ஒரே வாசகம், மலாயில்:
பெர்ஹெந்தி செண்டிரி.
தானாகவே நின்றுவிட்டார்.
பத்துப் பேரும்.
பதிந்த நேரம் இரவு பதினொன்று நாற்பது.
பக்கத்தில் அவள் அப்பாவின் முதலெழுத்துகள்.

எமல்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் படித்தாள்.
வெளியே சுங்கை பட்டாணி பஸ்
கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று உறுமிக்கொண்டே நின்றது.

"அந்த ஒரு வயர எடுத்துட்டுக் குடுத்தா
என்ன குறையும்?"
"நிறம் தப்பா வரும்."
"எவ்வளவு தப்பா?"

சொல்லத் தெரியவில்லை.
பில் எழுதினேன்:
ஆறாம் கம்பி, பற்றவைப்பு, ஐந்து வெள்ளி.

டிவியை அணைக்கச் சொல்லாமலே
காரில் போய் உட்கார்ந்தாள்.
கதவு திறந்தபடி இருக்க, யாருக்கோ போன் போட்டாள்.
பினாங்குக்கா, தெரியாது.
நடுவில் "மூக்காயி" என்று ஒரு தரம் கேட்டது,
அப்புறம் "ஆமா, அவுங்க மகன்தான்" என்றும்.

நான் கையேட்டை மறுபடி திறந்தேன்.
பச்சையைப் பாதியாக்க ஒரு சின்ன மின்தடை போதும்.
கடையில் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்றுதான்
நினைவில்லை.