கருணைத் தொகை

வாரிய வீட்டை இடிக்கிறார்கள்.
புதுசு எழும்பும்வரை வாடகைக்கு இருக்க
வங்கியில் ஏறிய பணத்துக்குக்
கருணைத் தொகை என்று பேர்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் போய்க்கொண்டேயிருக்க
புரோக்கர் எபினேசர் கணக்குப் போட்டான்:
பத்து மாச அட்வான்ஸ்,
அவனுக்கு ஒரு மாசம்,
கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய்.
கடைசிப் பெட்டி தாண்டுமுன்
கருணை தீர்ந்தது.

செரியன் நகரில் வீட்டுக்காரம்மா
எத்தனை பேர் என்றாள். நாலு என்றேன்.
மகள் ரெபேக்கா முந்தானையை இழுத்து
வயிற்றை மூடிக்கொண்டாள்.
என்ன வேலை?
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
கவிச்சி முந்திக்கொண்டு சொல்லிவிடுமே.

இடிக்குமுன் கழற்றிய கதவு
மீன்பாடி வண்டியில் மல்லாந்து கிடக்கிறது,
எச் பிளாக் நாற்பத்தேழு என்ற பெயின்ட்டோடு.
வண்டிக்காரர் கேட்கிறார்:
இத எங்கம்மா சாத்துறது?