இரண்டு புள்ளிகள்

இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றில் தொடங்குகிறது.
அதற்குக் கீழே எண்ணெய் வழிவதுபோல ஓடும்.
மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால்
மறுபடி நல்ல பிள்ளை.
நடுவில் அந்த இருநூறு சுற்றுக்குள்
பின்கண்ணாடியில்
ஹாகன் நகரமே இரண்டிரண்டாகத் தெரிகிறது.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஓப்பல். ஆறு சிலிண்டர்.
விஸ்புரொக் ஒரு பத்து ஃபெனிக் காசு கொண்டுவந்தார்,
எந்தக் கடையிலும் இனிச் செல்லாதது.
வால்வு மூடியின்மேல் விளிம்பில் நிறுத்தினார்.
மெல்ல ஓடும்போது நின்றது.
ஆக்சிலரேட்டர் கம்பியை விரலால் இழுத்தேன்.
ஒருமுறை சிலிர்த்து
பற்றரிக்கு அடியில் போய் விழுந்தது காசு.
அவர் குனிந்து தேடவில்லை.
என்னைப் பார்த்தார்.

'கிராங்கை பலன்ஸ் செய்தவன்' என்றேன்.
யோசிக்காமலே வந்த வார்த்தை.
லூடன்ஷைட்டில் டூடெக்.
தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போன்ற பட்டறை,
அது போதும் ஒருவனைப் பிடிக்காமல் போக.

பிறகு தனியே தேடினேன்.
நிற்கும்போதும் நடுங்குகிறது,
ஆகவே சக்கரமில்லை, பின்தண்டும் இல்லை.
பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் ஓட்டினேன்.
விசிறி நின்றது, டைனமோ நின்றது,
அது நிற்கவில்லை.
பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஆறும் ஒரே அளவாய் முனகின.
கிளச்சை மிதித்தேன்.
நடுக்கம் சற்றே குரல் மாறியது,
பொய் சொல்கிறவன்
எச்சில் விழுங்குவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாத ஊரில்
கதவைச் சாத்திவிட்டு கியர்பெட்டியை இறக்கினேன்.
ஃப்ளைவீலில் ஒரு புள்ளி,
உளிமுனையால் குத்தியது, கடுகளவு.
கிளச் மூடியில் இன்னொன்று.
இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச்
சுழற்றி, நிறுத்து, துளைத்து,
அடையாளமிட்டு அனுப்பியிருக்கிறான் டூடெக்.
இப்போது அவை
மூன்றிலொரு வட்டம் தள்ளி
ஒரே பஸ்ஸில் ஏறிப்
பேசாமல் இருக்கும் இரண்டு பேர்.

மூடியைப் பூட்டியவன் நான்.
மாசி மாதம், வியாழன் இரவு.
டார்க் ரெஞ்ச் ஆறு போல்ட்டுக்கும் ஆறுமுறை சொடுக்கியது,
எண்ணினேன், அவ்வளவு கவனம்.
காதுக்கும் தோளுக்கும் இடையில் போன்,
பட்டறை வாடகையை ஏற்றுவது பற்றி
யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு கிராம் வரும். ஒரு கடிதத்தின் பாரம்.
அந்த வேகத்தில் அது
பன்னிரண்டு கிலோவாகி இழுக்கும்,
ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு திசையாக.

திங்கள் காலை டூடெக்கை அழைத்தேன்.
பின்னால் லேத் இரைந்துகொண்டிருந்தது.
சொன்னேன். லேத்தை நிறுத்தினான்.
'எத்தனை பாகை?'
'நூற்றிருபது.'
சனிக்கிழமையே விஸ்புரொக் கூப்பிட்டாராம்,
அரைமணி நேரம் திட்டினாராம்.
'நானும் இரவெல்லாம் என் கணக்கைத்
திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்' என்றான்,
கோபமில்லாமல்,
அதுதான் கஷ்டமாக இருந்தது.
'அவரிடம் சொல்லிவிட்டாயா?'

ஓப்பல் இன்னும் தாங்கியில் நிற்கிறது.
கியர்பெட்டி தரையில்.
பற்றரிக்கு அடியிலிருந்து எடுத்த காசு
என் சட்டைப்பையில்.
'இன்னும் இல்லை' என்றேன்.