கடைமடைக்கு இரண்டு எம்பி

கலியபெருமாள் அண்ணன் விற்றது
எழுநூற்றுப் பதினெட்டு இணைப்பு,
வீட்டுக்கு ஐம்பது எம்பி.
டெல்லிக்குப் போகிற எம்பி இல்லை, வேகம்.
தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்கு வருவதோ
ஒரே ஒரு ஜிபி.

பெருக்கிப் பார்த்தால் முப்பத்தாறு மடங்கு.
பொய்யில்லை என்பார் அண்ணன்.
ஊருக்கே ஒரே நேரத்தில் தாகம் எடுக்காது மெர்லின்,
ஒருத்தன் தூங்குவான், ஒருத்தி குளிப்பாள்,
ஒரு தெருவில் கரண்ட் இருக்காது,
அந்த இடைவெளிதான் நம்ம சோறு.
பதினொரு மாதம் கணக்கு தவறவில்லை.

தை ஞாயிறு. இறுதி ஆட்டம்.
மூன்று மணிக்கு வரைபடம் கூரையைத் தொட்டு
அங்கேயே படுத்துக்கொண்டது.
எழுநூறு திரையில் ஒரே பந்து
வேறு வேறு நேரத்தில் உருண்டது.
கீழத்தெருவில் அவுட் என்று கத்தினார்கள்.
கடைத்தெருவில் இன்னும் பந்தே வீசவில்லை.

பூவனூர் கொள்முதல் நிலையத்திலிருந்து போன்.
பட்டியல் எழுத்தர் வீரசேகரன்:
"விரல் வச்சா வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.
முப்பத்தியோரு பேர் நிக்கிறாங்கம்மா.
நெல்லு வெட்டவெளியில கெடக்குது,
மேற்க கருக்கிட்டு வருது."

ஒரு கைரேகையின் எடை எனக்குத் தெரியும்.
திரையில் பந்து உருளும் புல்லில்
ஒரு பிடிகூடத் தேறாது.
அதுதான் வரிசையில் நின்று நின்று
கீழே விழுகிறது.

ரவுட்டரைத் திறந்தேன்.
வரிசை பற்றி ஒரு வரிகூட
யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.
முந்தியவனுக்குப் பந்தி.

போலீஸ் என்று ஒரு முறை இருக்கிறது,
அளவு மீறியதை அங்கேயே கொட்டிவிடும்.
ஷேப்பிங் கொட்டாது.
கொஞ்சம் நில், அடுத்து நீ என்னும்.
நான் நிற்கச் சொல்வதை எடுத்தேன்.

முதலில் உச்சத்தைத் தொள்ளாயிரத்து ஐம்பதாகக் குறைத்தேன்.
இருப்பதில் ஐம்பதை ஏன் விடுகிறாய் என்று
யாரும் கேட்கலாம்.
விட்டால்தான் வரிசை
தஞ்சாவூரில் நிற்காமல் என் வாசலில் நிற்கும்.
என் வாசலில் நின்றால்தான்
எவர் எவரென்று முகம் தெரியும்.

பூவனூருக்கு இரண்டு எம்பி, எப்போதும், எல்லாருக்கும் முன்னால்.
அடுத்து, துபாயிலிருந்து பேசுகிற குரல்கள்.
மிச்சம் வீட்டுக்கு வீடு சமம்.
சும்மா இருந்த வீட்டுக்குக் கொஞ்சம் சில்லறை சேரும்,
அது தீரும்வரை ஓடிக்கொள்ளலாம்.

இதை யாரிடம் சொன்னாலும்
மூணாறு தலைப்பைக் கை காட்டுவார்கள்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
ஷட்டரை ஏற்றி இறக்குவதுதானே இதுவும் என்று.
இல்லை.
இங்கே விழுந்ததை மறுபடி கேட்டு வாங்கலாம்,
அரை நொடியில் வரும்.
கடைமடையில் காய்ந்த நாற்று
யாரிடம் கேட்கும்?

பட்டியலில் இறங்கி வரும்போது
ஒரு வரி கண்ணில் பட்டது.
*அண்ணன் வீடு. வரம்பு இல்லை.*
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே இடி.
ஐம்பது என்று அடித்தேன்.

கடைசி ஓவரில் போன்.
"என்னம்மா, நம்ம வீட்லயே நிக்குது,
கேபிள் எங்கயாவது அறுந்துபோச்சா?"
கேபிள் நல்லாருக்குண்ணே, என்றேன்.
கணக்குதான் மாறியிருக்கு.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
பிறகு வைத்துவிட்டார்.
சம்பளத் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆறரைக்குத் தூறல் விழ ஆரம்பித்தபோது
வீரசேகரன் கூப்பிட்டார், பின்னால் தார்ப்பாய் இழுக்கும் சத்தம்.
"சும்மா பறக்குதும்மா, வச்ச ஒடனே எடுக்குது.
இருபத்தெட்டு பேர் முடிஞ்சுது."
மீதி மூணு?
"அதுங்களுக்கு ரேகையே இல்லம்மா.
அறுவா புடிச்சு, களை பறிச்சு தேஞ்சுபோச்சு.
பத்து விரலும் வச்சுப் பாத்தாச்சு."

இரண்டு எம்பியும் காலியாக, தயாராக
அவர்களுக்காகத் திறந்தே கிடந்தது.
ரவுட்டரில் மேலும் கீழும் தேடினேன்,
அதற்கு ஒரு கட்டளை இருப்பதுபோல.