நாற்பதாவது கிட்டி

போன சம்பாவில்தான் நானே தொடங்கினேன்.
ஆகவே முழுசாக நம்பிவிடாதே.

வில் என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு
மலையேறுகிற படம் உனக்குள் ஓடும்.
கோட்டூரில் மலை கிடையாது.
பாமணியாற்றுக் கரைதான் எங்களுக்கு உயரம்.
இந்த வில் ஒரு முழ மூங்கில்,
நாணில் ஒரு சுருக்கு, சுருக்குக்கு அப்பால்
ஒரு சிட்டிகைப் பொரி.
எலிக்கு அது போதும்.

நடவு முடிந்து ஒரு மாதத்தில் இறங்கு.
சூல் கட்டட்டும் என்று இருந்தால்
அறுவடையை அது முடித்துவைத்திருக்கும்.
முதல்நாள் கிட்டியே எடுக்காதே, வரப்பை நட.
வெட்டுப்பட்ட தூரைக் குனிந்து பார்:
நண்டு என்றால் பிய்த்த மாதிரி இருக்கும்,
எலி சாய்த்துச் சீவியிருக்கும், பேனாக் கத்திபோல.
வளை வாயில் புதுமண் ஈரமாகக் கிடந்தால்
ஆள் உள்ளே.
சிலந்தி வலை பின்னியிருந்தால் காலிசெய்த வீடு.
விளிம்பு வழவழவென்று இருந்தால்
கையை எடு,
சாரையா நல்லதா என்று நின்று விசாரிக்காதே.

சாயங்காலம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வராதே.
நான் பவுடர் வேறு பூசியிருந்தேன்.
'வயலுக்கா தவமணி, பந்திக்கா?' என்றார் லூர்துசாமி.
நாற்பது கிட்டிக்கு இரண்டு எலி.

பௌர்ணமி வாரம் வீண் அலைச்சல்.
கூகைக்குக் கண் தெரியும் என்று எலிக்குத் தெரியும்.
அந்த வாரம் நாண் மாற்று,
சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துக் கட்டு,
குழுக்கடன் தவணை எந்தத் தேதி என்று பார்.

விஷம் வைத்த வயலா என்று கேள்.
இல்லை என்பார்கள்.
மருந்துக் கடையிலும் கேள்.
அங்கே இழுத்தார்கள் என்றால் கறி வேண்டாம்,
எத்தனை கொழுத்ததாக இருந்தாலும்.

வாலுக்குத்தான் கூலி.
எண்ணி, கையெழுத்து வாங்கி, பிறகு கொடு.
காக்கா தூக்கியதற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

வேறு வில்லெல்லாம்
பிடித்திருக்கும் கை விட்டால்தான் அடிக்கும்.
இது நீ வீட்டுக்குப் போனபிறகு அடிக்கும்.
பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவாய்,
அங்கே நாண் தெறித்திருக்கும்.
உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும்.
தோன்றவிடாதே.
இருட்டோடு போ.
சிலது முழுக்கச் செத்திருக்காது,
அதை வெயில் ஏறும்வரை காக்கவைக்காதே.
ஒரே அடி, கண்ணை மூடாமல்.
எனக்கு நாலு நாள் ஆனது கண்ணை மூடாதிருக்க.

முக்கியமானதை மறந்தேன், எண்ணிக்கை.
வைத்த இடத்துக்கெல்லாம் ஒரு துணிக்கிழிசல் கட்டு.
மூன்றாம் நாள் இரவு பொரி தீர்ந்துபோய்
கடைசிக் கிட்டிக்கு மட்டும்
மடியில் ஒட்டியிருந்த பச்சை நெல்லை வைத்தேன்.
கிழிசல் கட்டவில்லை.
காலையில் முப்பத்தொன்பது.
வரப்பு வரப்பாகத் தேடினேன்,
களவு என்றுகூட ஒருத்தரை நினைத்தேன்,
பெயர் சொல்லமாட்டேன்.

தையில் மிஷின் இறங்கியது.
மூலையில் சாய்ந்துகிடந்ததைக் கையால் அறுக்கப் போனோம்.
வயலே பழுத்துக் கிடக்க
வரப்பு ஓரம் ஒரு கொத்து மட்டும் பச்சை,
இன்னும் பால் பிடிக்காத கதிர்.
அரிவாளோடு குனிந்தால்
சுருக்குக்குள்ளிருந்து வளர்ந்திருக்கிறது.
வில் விடவே இல்லை,
அத்தனை மாதமும் இழுத்தபடி நின்றிருக்கிறது
எதுவும் வந்து தொடாமல்.

விரலை ஒதுக்கிவைத்துக்கொண்டு
நாணை அறுத்தேன், தெறிக்கும் என்று.

மூங்கில் நிமிரவில்லை.

அதை இப்போதும் கட்டில்தான் வைத்திருக்கிறேன்,
நாற்பது என்று கணக்குச் சொல்ல.
வேலைக்கு ஆகாது.
நீ வாங்கும்போது
ஒன்று கூடுதலாக வாங்கு.