கரடி, ஒன்று

இரவு இரண்டு மணி. சூரியன்
கப்பல் விளிம்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.
பாய்களைச் சுருட்டியாயிற்று.
கழியால் பனிப்பாளங்களைத் தள்ளித் தள்ளி
தோள் கழன்றுபோனது எனக்கு.

கீழே ராக்னா ரொட்டி சுடுகிறாள்.
வாசனை எங்களை முந்திக்கொண்டு
ஃபியோர்டுக்குள் போயிருக்க வேண்டும்.

அழுக்குப் பனி என்று நினைத்தது
எழுந்து நின்றது,
இரண்டு காலில், மூக்கை உயர்த்தி.

ஓத்வார் போட்டுக்கொண்டிருந்த முடிச்சு
பாதியில் நின்றது.
மாவுக் கையோடு மேலே வந்தவள்
வாய் திறக்கவில்லை.

எவ்வளவு நேரமோ.
கரடிக்குத்தான் முதலில் அலுத்தது.
பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி
ஓசையே இல்லாமல் நீந்திப் போனது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
காற்று வடமேற்கு. கரடி, ஒன்று.
ரொட்டி கருகியதற்கு அதில் கட்டம் இல்லை.

அடியைச் சுரண்டி
வெண்ணெய் தடவித் தின்றோம்.
ஓத்வார் இன்னும்
அந்த முடிச்சை முடிக்கவில்லை.