ஆடியில் நங்கூரச் சங்கிலி

படகு கொச்சியில்,
தார்ப்பாய்க்குள் முட்டுக்கொடுத்து நிற்கிறது.
அதன் குடலெல்லாம் குன்னூரில், நம் வீட்டில்.

கேட்டிலிருந்து வாசல் வரை நாற்பத்தெட்டுப் படிகள்.
ஐம்பது மீட்டர் சங்கிலியை அதன்மேல் நீட்டிப் போட்டோம்.
ஐந்து மீட்டருக்கு ஒரு பட்டைச் சாயம்:
மஞ்சள், மஞ்சள், சிவப்பு.
கோஸ் மூட்டையோடு இறங்கிய பெள்ளியண்ணன்
ஈரப் பட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்து கேட்டார்,
"மலை நகர்ந்துடும்னு கட்டிப் போடுறீங்களா?"
மழைக்காலத்தில் நகராத மலையா இது.
சிரித்தோம்.

சங்கிலியின் கடைக்கண்ணியைப்
படகோடு பூட்டிவிடாதே, நேசா.
கயிற்றால் கட்டு, கத்தி எட்டுகிற இடத்தில்.
அறுத்துவிட்டு ஓட வேண்டிய இரவு ஒன்று வரும்.
ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு விடு.
ஆழம் என்றால் நீர் மட்டுமல்ல,
அணியத்தின் உயரமும் சேர்த்து,
இனி ஏறப்போகும் ஓதமும் சேர்த்து.
நீ மறப்பது எப்போதும் ஓதத்தைத்தான்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று
எல்லோரும் சொல்லியாயிற்று.
அம்மியைக் கட்டி வை என்று ஒருவரும் சொல்லவில்லை.
நான் சொல்கிறேன்:
பேட்டரி, கேஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி,
நீ விட்டுவர மறுக்கும் அந்த இரும்புத் தோசைக்கல்,
படகு புரண்டால் இவற்றில் எது உன் தலையில் விழும் என்று
கூரையைத் தரையாக நினைத்துப் பார்.
தோசைக்கல் வரட்டும். பூட்டிய இழுப்பறையில் வரட்டும்.

தீயணைப்பான் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.
எரிகிற அடுப்பைத் தாண்டியா கை நீட்டுவாய்?

படகின் அடியில் ஏழு துளைகள்.
வேண்டுமென்றே போட்டவை, காசு கொடுத்து.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமுளை
ஜோகி பட்டறையில் பைன் துண்டில் கடைந்து வந்திருக்கிறது,
இன்னும் பிசின் வாசம் போகவில்லை.
அந்தந்த வால்வின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிடு.
ஏழையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால்
முதலில் மிதந்து போவது டப்பாதான்.

பாயைச் சுருக்கலாமா என்று தோன்றும்போதே சுருக்கு.
"இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பது
பெட்ரோல் முள்ளைப் பார்த்து நீ சொல்வது.
பர்லியார் வளைவில் கார் தள்ளியது நான்.

இதுவரை எல்லாம் நோட்டில் இருக்கிறது.

நோட்டில் இல்லாதது நேற்று நடந்தது.
நாலு மணிக்கு மஞ்சு இறங்கியது.
பால் வாங்கி வருகிறேன் என்று கேட்டைத் திறந்தாய்.
எண்ணினேன். பன்னிரண்டு எட்டு.
பதின்மூன்றாவதில் நீ இல்லை.
செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது,
பிறகு அதுவும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஒருவர் கடலில் விழுந்தால்
இன்னொருவர் கண்ணை எடுக்கக் கூடாது.
கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும்,
வேறெந்த வேலையும் செய்யாமல்.
மூன்று பேர் இருக்கிற படகுக்கு எழுதிய விதி அது.
நாம் இருவர்.
நான் கை நீட்டி நின்றால்
சுக்கான் யாரிடம்?
பாயை இறக்குவது யார்?

இருந்தும் நீட்டினேன்,
நீ கடைசியாக இருந்த வெள்ளையை நோக்கி.
வர்க்கி மூட்டையோடு மொபெட்டில் வந்த அஸ்கர்
வண்டியை நிறுத்தி, என் விரல் போன திசையில் பார்த்து,
"அங்கே என்னம்மா?" என்றார்.
"வீட்டுக்காரர்."
அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.
அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன், இடக்கையால்.

நீ வந்தாய், வேறு திசையிலிருந்து,
பாலோடு.

அதனால், நேசா, அந்தக் கச்சையின் கொக்கி.
இரவில், மழையில், நான் உறங்கும்போது,
"ஒரு நிமிஷம்தான்" என்று அணியத்துக்குப் போகையில்,
மூத்திரம் பெய்ய அமரத்தில் நிற்கையில்
(சிரிக்காதே, முக்கியமாக அப்போது)
மாட்டிக்கொள்.

கார்த்திகையில் படகு இறங்கும்.
அதுவரை பால் வாங்கப் போகும்போதெல்லாம்
கச்சையை அணிந்துகொண்டு போ.
கேட்டுக் கம்பியில் மாட்டி, கழற்றி,
அடுத்த கம்பியில் மாட்டி,
கை தானாகத் தேடும்வரை பழகு.
பெள்ளியண்ணன் பார்த்தால் பார்க்கட்டும்.